நாவலோடைக்கு இரண்டு கோடு

நாவலோடை,
ஜமுனாமரத்தூர் வழி.
12-6-1982

அன்புள்ள தம்பி இருதயசாமிக்கு,

சேசு மரி சூசை காவலில் நீயும் ஜெபகுமாரியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி அக்கா பிலோமினாள் எழுதுகிறேன். எனக்கு மூட்டுவலியைத் தவிர வேறு குறையில்லை. மலையேறி இறங்குகிற நர்சுக்கு அரசாங்கம் எந்தப் படியும் தரவில்லை, மூட்டுவலி மட்டும் கேட்காமலே வந்து சேர்ந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை இங்கே ஒரு ஜீப் வந்தது. வந்தவர் பெயர் தசரதன், கீழே மரக்கடை வைத்திருக்கிறார். கூடவே ரெவின்யூ இன்ஸ்பெக்டர். ஓடையின் இரண்டு கரையிலும் நடந்து, நீர்மருது மரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி இருந்தது. இந்தக் கரை முப்பத்திரண்டு ஏக்கரும் அரசாங்கத் தரிசாம். அதைக் குத்தகைக்குக் கேட்டு மனு போட்டிருக்கிறார். இருக்கிற மரத்தை வெட்டிவிட்டுத் தைலமரம் வைப்பாராம்.

நீ இந்தப் பக்கம் வந்ததில்லை, சொன்னால்தான் தெரியும். கரை முழுக்க நாவலும் மருதும் புங்கும். கோடையிலும் அதன் கீழே மண் ஈரமாக இருக்கும். அறுபது வீடு குடிக்கிற தண்ணீர் அது. நம் ஓடை கீழே போய்ச் சேருகிற கீழூரில் ஐந்து வருஷத்துக்கு முன் கரையை வெட்டி மரவள்ளி போட்டார்கள். இப்போது அங்கே மழை வந்தால் சேறு ஓடுகிறது, தை பிறந்தால் மணல்தான். போன வருஷம் கீழூரில் வயிற்றுப்போக்கில் மூன்று குழந்தைகள் என் கண்முன்னே போயின. அது இங்கேயும் நடக்க நான் விடமாட்டேன்.

ஊருக்காகப் பேசுகிற தீர்த்தகிரி நேற்று என்னிடம் கேட்டார்: "ஓடை எப்டிம்மா தரிசாவும்? தண்ணி ஓடுற எடத்தப் போயி தரிசுன்னு எழுதினானே, அவன் எந்தக் கண்ணால பாத்தான்?"

நீ சர்வே ஆபீசில் படம் வரைகிறவன். எங்கள் புலப்படத்தை எடுத்துப் பார்த்து உடனே எழுது. பிள்ளைகளுக்கு என் முத்தம்.

உன் அக்கா,
பிலோமினாள்

*

வேலூர்,
9-7-1982

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லாரும் நலம். சின்னவளுக்குக் காது குத்தினோம், ஊரே கேட்கிற மாதிரி அழுதாள். தங்கள் மூட்டுவலி குறைந்ததா? விளக்கெண்ணெயைச் சூடாக்கித் தடவவும்.

தாங்கள் கேட்ட படத்தைப் பார்த்தேன். அதில் நாவலோடை ஒற்றைக் கோடாக இருக்கிறது. ஓடை அகலமாக இருந்தால் கரைக்கு ஒன்றாக இரண்டு கோடு போட்டு, நடுவில் இருப்பதற்குத் தனி எண் கொடுத்து, ஓடைப் புறம்போக்கு என்று பதிவார்கள். அதை யாருக்கும் கொடுக்க முடியாது. குறுகலான ஓடைக்கு ஒற்றைக் கோடுதான். கோட்டுக்கு அகலம் கிடையாது என்பதால் அதன் இரண்டு பக்கமும் தரிசு என்றே கணக்கு. தரிசை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். படத்தில் அப்படி இருக்கும்போது செய்வதற்கு ஒன்றுமில்லை.

தாங்களும் அரசு ஊழியர். இதில் தலையிட்டு மாற்றல் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

ஜெபகுமாரி தங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
இருதயசாமி

*

நாவலோடை,
13-7-1982

அன்புள்ள தம்பிக்கு,

சின்னவள் காது ஆறிவிட்டதா? வேப்பெண்ணெய் ஒரு சொட்டு போடச் சொல். நான் நலம். எண்ணெய் தடவினேன், மூட்டு வழுக்குகிறது, வலி அப்படியே இருக்கிறது.

அது என்ன திடீரென்று "தாங்கள்"? மூக்கு ஒழுகின நாளிலிருந்து என்னை "நீ" என்று கூப்பிட்டவன். அப்பா பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து உடைத்தபோதுதான் கடைசியாக இவ்வளவு மரியாதையாகப் பேசினாய். என்ன உடைத்தாய்?

மாற்றல் வந்தால் வரட்டும். எனக்கு இருப்பது ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு ஸ்டவ்வும்.

நீ கோட்டைப் பற்றி எழுதினாய். இங்கே ஓடைக்கு எல்லை கோட்டில் இல்லை, மரத்தில் இருக்கிறது. ஐப்பசியில் முதல் பெருவெள்ளம் வந்தவுடன் மறுநாள் காலையில் ஊரே கரைக்குப் போகும். சருகும் நுரையும் ஒதுங்கிக் கிடக்கிற இடம்தானே வெள்ளம் ஏறின இடம்? அங்கே நிற்கிற மரத்தில் ஆத்தி நாரைத் திரித்து ஒரு கட்டுப் போடுவார்கள். பெயர் வெள்ளக்கட்டு. கட்டுப் போட்ட மரத்துக்கும் ஓடைக்கும் நடுவில் ஏர் போகக்கூடாது, கோடாலி போகக்கூடாது, ஆட்டுப்பட்டி போடக்கூடாது. விழுந்த நாவற்பழம் பொறுக்கலாம், தேன் எடுக்கலாம். இதை மீறினவன் வீட்டுக் களத்தில் யாரும் கதிரடிக்கப் போகமாட்டார்கள். நான் இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது, மீறினவன் ஒருவனையும் பார்க்கவில்லை.

மங்கம்மாள் என்று ஒரு தேனெடுக்கிறவள் இருக்கிறாள், வாய் ஓயாது. அவள் சொல்கிறாள்: "எங்க தாத்தன் கட்டுன கட்டு மரத்துல இன்னும் கீது. அந்தப் படத்துல இல்லன்னா இன்னா, படம் வரைஞ்சவன இட்டாந்து காட்டுறேன்."

தசரதன் மனுவுக்கு ஆட்சேபணை சொல்ல முப்பது நாள் கொடுத்திருக்கிறார்கள். அந்த அறிவிப்பை எங்கே ஒட்டினார்கள் தெரியுமா? கீழே, மணியக்காரர் கச்சேரிச் சுவரில். ஏழு நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தை யார் வரைந்தது, எந்த மாதத்தில் அளந்தது, இரண்டும் எனக்கு வேண்டும். விசாரித்து எழுது.

உன் அக்கா,
பிலோமினாள்

*

நாவலோடை,
21-8-1982

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஐந்து வாரமாக ஒரு வரி இல்லை. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையோ என்று கவலையாக இருக்கிறது. நான் சுகமாக இருக்கிறேன்.

நூற்றுப் பன்னிரண்டு பேர் கைநாட்டு வைத்த மனுவோடு தீர்த்தகிரியும் மங்கம்மாளும் நானும் பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போனோம். தாசில்தார் மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி கொடுத்தார். ஆனால் சொன்னது இதுதான்: "நர்சம்மா, படத்துல இல்லாதது நெலத்துல இல்லீங்க. சர்வேயே தப்புன்னு நீங்க காட்டணும். இல்லாட்டி சப்-கலெக்டரும் இன்னாத்த பண்ணுவாரு?" மனுவை சப்-கலெக்டருக்கு அனுப்பியிருக்கிறார். மழைக்காலத்துக்குள் விசாரணை வரும்.

குமாஸ்தாவிடம் கெஞ்சி அளவுப் புத்தகத்தையும் பார்த்துவிட்டேன். அளந்தது 1969 ஏப்ரல். நல்ல கோடை, ஓடையில் பாறைக் குழிகளில் மட்டும் தண்ணீர் நிற்கிற காலம். பக்கத்தின் அடியில் சர்வேயர் கையெழுத்து இருந்தது. எனக்குச் சரியாகத் தெரியவில்லை. என் கண்ணாடி பழசு.

அந்த வருஷம் ஏப்ரலில்தான் நீ மலைக்காய்ச்சலோடு சந்தவாசல் வீட்டுக்கு வந்து இறங்கினாய். ஒரு கறுப்புக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாய், பதினைந்து நாள் கஞ்சி காய்ச்சி ஊட்டினேன். ஏனோ ஞாபகம் வந்தது, எழுதினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
பிலோமினாள்

*

வேலூர்,
30-8-1982

அக்கா,

எல்லாரும் நலம். உனக்கு மூட்டுவலி எப்படி என்று கேட்டுவிட்டு மற்றதை எழுதலாம் என்று மூன்று நாளாகப் பேனாவைப் பிடிக்கிறேன், எழுத வரவில்லை. நேராகவே எழுதிவிடுகிறேன்.

உன் கண்ணாடி பழசில்லை. போன பொங்கலுக்கு நான்தான் வேலூரில் புதிதாக மாற்றிக் கொடுத்தேன்.

அந்தக் கையெழுத்து என்னுடையது. உன் முதல் கடிதத்தில் ஊர்ப் பெயரைப் பார்த்தவுடனே எனக்குத் தெரியும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், முதல் மலை வேலை. மூன்றாம் நாளே குளிர்காய்ச்சல் பிடித்துவிட்டது. ஓடையை ஒவ்வொரு திருப்பத்திலும் அளக்க வேண்டும் என்பது விதி. நான் ஒரே இடத்தில் அளந்தேன், பாறை இடுக்கில், எல்லாவற்றையும்விடக் குறுகின இடத்தில். நாலு மீட்டர். மற்றதையெல்லாம் ஒரு நாவல் மரத்தடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே வரைந்தேன். நான் அன்று சாய்ந்திருந்த மரமே இப்போது தரிசில் இருக்கிறது.

எனக்குக் கொடி பிடித்த மலைக்காரர் ஒருவர் அப்போதே சொன்னார், "சார், கட்டுப் போட்ட மரம் வரைக்கும் ஓடைதாங்க" என்று. "நார் கட்டினதெல்லாம் ஒரு கணக்கா?" என்று நான் சிரித்தேன். பதிமூன்று வருஷமாக அந்தச் சிரிப்பை மறந்திருந்தேன். இப்போது சாப்பிட உட்கார்ந்தால் காதில் கேட்கிறது.

அடுத்த வருஷம் எனக்குத் தலைமைப் பட வரைவாளர் பதவி வரவேண்டும். தப்பை எழுதிக் கொடுத்தால் குறிப்பாணை வரும், பதவி தள்ளிப்போகும், ஆபீசில் ஒவ்வொருவரும் என் பழைய படங்களையெல்லாம் எடுத்துப் பார்ப்பார்கள். ஜெபகுமாரியிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

இருதயசாமி

*

நாவலோடை,
6-9-1982

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வந்தது. படித்து மடித்து பைபிளுக்குள் வைத்தேன். நான் சுகம். ஜெபகுமாரிக்கு இந்தத் தடவை மலைத்தேன் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புகிறேன், பிள்ளைகளுக்குச் சளிக்கு நல்லது.

தீர்த்தகிரியோடு பழைய கதை பேசிக்கொண்டிருந்தேன். 1969இல் சர்வேக்கு வந்தவர்களுக்குக் கொடி பிடித்தது அவர்தானாம். "சர்வேயரு பேரு இன்னான்னு தெரியாதும்மா. சின்ன வயசு, காய்ச்சல்ல பல்லு கிடுகிடுன்னு அடிச்சிக்குது. பாவமாப் பூடுச்சி, என் கம்பிளிய எடுத்துப் போத்தி வுட்டேன். அப்டியே பஸ்ஸு ஏறிட்டாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மார்கழிக் குளிருக்கு வேறு கம்பளி கிடைத்ததா என்று நான் கேட்டேன். அந்த வருஷம் கோணிப்பையைத்தான் போர்த்திக்கொண்டாராம்.

அந்தக் கம்பளி சந்தவாசல் வீட்டுப் பரணில் இருக்கிறது. பூச்சி அரிக்காமல் நொச்சித் தழை போட்டு வைத்திருக்கிறேன்.

மரங்களுக்குத் தசரதன் ஆட்கள் சுண்ணாம்பில் எண் போட ஆரம்பித்துவிட்டார்கள். நேற்று வரை நூற்று நாற்பது.

நீ எதைச் செய்தாலும், செய்யாவிட்டாலும், என் தம்பிதான். ஐப்பசி பிறந்தால் வெள்ளம் வரும். நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

உன் அக்கா,
பிலோமினாள்

*

வேலூர்,
2-10-1982

அன்புள்ள அக்காவுக்கு,

தேன் வந்தது, பாதி பாட்டில் ஒரே நாளில் காலி. எல்லாரும் சுகம், நானும் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன்.

எழுதிக் கொடுத்துவிட்டேன். முழுசாக இரண்டு பக்கம். "1969 ஏப்ரலில் நாவலோடையை ஒரே இடத்தில் அளந்து, மற்ற இடங்களை அளக்காமல் ஒற்றைக் கோடாகக் குறித்தது நான். அது தவறு. மழைக்காலத்தில் மறு அளவை செய்ய உத்தரவிட வேண்டும்." அதிகாரி படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "யாருய்யா உன்னக் கேட்டது?" என்றார். "யாரும் கேக்கலீங்க, சார்" என்றேன். "அப்புறம் எதுக்கு?" என்றார். "கம்பளி ஒண்ணு திருப்பித் தரணும், சார்" என்று சொல்லிவிட்டேன். காய்ச்சல் திரும்ப வந்துவிட்டதோ என்று பார்க்கிற மாதிரி பார்த்தார்.

ஜெபகுமாரியிடம் முன்தினமே சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "அந்தத் தண்ணிய உங்க அக்காவும்தான குடிக்கிறாங்க? எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்றாள். நான் மூன்று வாரம் பயந்தது இவளுக்கா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

காகிதம் சப்-கலெக்டருக்குப் போயிருக்கிறது. குறிப்பாணையும் வந்துவிட்டது, அதைப் பற்றிப் பிறகு.

அன்புத் தம்பி,
இருதயசாமி

*

நாவலோடை,
29-10-1982

என் தங்கத் தம்பிக்கு,

உன்னையும் ஜெபகுமாரியையும் நினைத்து இந்த ஞாயிறு ஜெபமாலை சொன்னேன். அவளுக்குத் தனியாக ஒன்று சொன்னேன். நான் சுகமோ சுகம், மூட்டுவலியைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

வெள்ளம் வந்தது! முந்தாநாள் பகலெல்லாம் கொட்டி, நேற்றுக் காலையில் ஓடை இரண்டு கரையும் தொட்டு நின்றது. நீ நாலு மீட்டர் எழுதினாயே, கோயில் திருப்பத்தில் தண்ணீர் பரவினதை மங்கம்மாள் அடி வைத்து அளந்தாள், நூற்றிருபது தப்படி. தசரதன் போட்ட சுண்ணாம்பு எண்ணெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஒன்று மட்டும் மிச்சம், அதுவும் தலைகீழாகச் சாய்ந்த மரத்தில்.

இன்று காலை கட்டுப் போட்டார்கள். நானும் போனேன். தீர்த்தகிரி நார் திரிக்க, பெண்கள் சருகு ஒதுங்கின இடத்தைக் கண்டுபிடித்துக் கூவ, ஆண்கள் கட்ட, ஒரே கூச்சல். மரங்களை இன்றுதான் கிட்டே நின்று பார்த்தேன். பழைய கட்டு இருந்த இடத்தில் மரம் நாரை விழுங்கி, வளையம் போட்டுத் தடித்திருக்கிறது. ஒரு மருதில் பத்தொன்பது வளையம் எண்ணினேன்.

விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள், நவம்பர் 18. சப்-கலெக்டர் நேரில் வருகிறார், மறு அளவையும் அன்றே. அளக்க யார் வருவார்கள் என்று எழுதவில்லை. உனக்குத் தெரியுமா?

உன் அக்கா,
பிலோமினாள்

*

நாவலோடை, துணைச் சுகாதார நிலையம்.
(உன் மேசையில் வைத்துவிட்டுப் போகும் கடிதம்)
18-11-1982

அக்கா,

உன்னைப் பார்க்காமலே கிளம்புகிறேன். மேலூரில் இரட்டைப் பிரசவம் என்று நேற்று ராத்திரியே போய்விட்டாயாம். தாயும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். ஆபீஸ் வண்டி என் ஒருவனுக்காக நிற்காது. உன் ஸ்டவ்வில் காப்பி போட்டுக் குடித்தேன், சர்க்கரையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?

அளக்க என்னையே அனுப்பினார்கள். "தப்புப் பண்ணவனே போய்த் திருத்தட்டும்" என்று அதிகாரி எழுதியிருந்தார். தண்டனை என்று நினைத்து எழுதியிருப்பார்.

சந்தவாசல் பரணிலிருந்து எடுத்து வந்த கம்பளியைத் தீர்த்தகிரியிடம் கொடுத்தேன். விரித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீதானா அது?" என்றார். "நான்தாங்க. அன்னிக்கு சிரிச்சதுக்கு மன்னிச்சிடுங்க" என்றேன். "காய்ச்சக்காரன் சிரிச்சா கணக்கில்ல. வா, கட்டக் காட்டுறேன்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இந்தத் தடவை நான் ஒரு மரத்தையும் விடவில்லை, அக்கா. முந்நூற்றுப் பதினாறு மரம். விடிகாலையில் தொடங்கி, ஒவ்வொன்றின் கட்டையும் தொட்டு, ஊரே அளவுச் சங்கிலி பிடிக்க, புத்தகத்தில் எழுதினேன்.

சப்-கலெக்டர் சின்ன வயதுக்காரர், எல்லாவற்றையும் கேட்கிறார். "ஒவ்வொரு வருஷமும் வெள்ளம் ஒரே மாதிரியா வரும்?" என்றார். தீர்த்தகிரி, "வராதுங்க. அதனாலதான் வருசா வருசம் கட்டுறோம். எது ஒசரமோ அதுதான் எல்ல" என்றார். சப்-கலெக்டர் ஒரு வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

இதற்குள் தசரதன் ஜீப்பில் வந்தார். கோயில் திருப்பத்தில், சரியாகத் தன் மனுவில் கேட்டிருக்கிற இடத்தில், வண்டியை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தார். வாதமும் நியாயமாகத்தான் பேசினார்: "நான் திருடலீங்க. கவர்மெண்டு படத்துல தரிசுன்னு போட்டிருந்துச்சி, கேட்டேன்." அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே மழை பிடித்திருக்கிறது, எங்களுக்குத் தெரியவில்லை. மங்கம்மாள்தான் முதலில் காதைத் தீட்டினாள். "தண்ணி வருது, மேல ஏறுங்க!" என்று கத்தினாள். நாங்கள் ஏறிவிட்டோம். ஜீப் ஏறவில்லை.

அரை மணி நேரத்தில் தண்ணீர் ஜீப்பின் கதவு வரைக்கும் வந்துவிட்டது. தசரதன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயையோ, வண்டி ஓடையில மாட்டிக்கிச்சே! ஓடையில மாட்டிக்கிச்சே!" என்று கத்தினார்.

சப்-கலெக்டர் மெதுவாகத் திரும்பி, "எதுல மாட்டிக்கிச்சுன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

தசரதன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அந்த மனுஷனே சிரித்துவிட்டார். "ஓடையிலதாங்க" என்றார். சப்-கலெக்டர் குமாஸ்தாவிடம், "இத எழுதிக்கோ" என்றார்.

ஜீப்பை வெளியே இழுத்தது யார் என்று நினைக்கிறாய்? இதே ஊர்க்காரர்கள்தான், வெள்ளக்கட்டுக்குத் திரித்து மிச்சமிருந்த ஆத்தி நார்க் கயிற்றால். மங்கம்மாள் கயிற்றை இழுத்துக்கொண்டே, "நல்லாப் புடிச்சிக்கோங்க சாமி, தரிசுல வழுக்கும்" என்றாள்.

வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். வருகிறேன்.

இருதயசாமி

*

நாவலோடை,
24-11-1982

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டும் பெண். தாய் நலம். ஒன்றுக்கு அவர்கள் வீட்டில் சின்னக்குழந்தை என்று பெயர் வைத்தார்கள், மற்றதற்கு என்னைக் கேட்டார்கள். நாவலம்மாள் என்றேன். உங்கள் எல்லாருடைய சுகமும் அறிய ஆசை.

நான் திரும்பி வருவதற்குள் அந்த ஜீப் கதை ஏழு விதமாக மாறிவிட்டது. ஒன்றில் தசரதன் நீச்சலடித்தார், ஒன்றில் சப்-கலெக்டரே கயிறு இழுத்தார். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "நர்சம்மா, உன் தம்பி கம்மியா எழுதியிருக்காரு" என்று குறைப்பட்டார்கள்.

நீ வந்து நின்ற நாளில் நான் இல்லாமல் போனேனே என்று அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம், அழுதேன். பிறகு சர்க்கரை டப்பாவைப் பார்த்தேன். கண்டுபிடித்திருக்கிறாய், முக்கால் டப்பா காலி.

உன் குறிப்பாணை என்ன ஆயிற்று? "அதைப் பற்றிப் பிறகு" என்றாய். பிறகு வந்துவிட்டது, எழுது.

உன் அக்கா,
பிலோமினாள்

*

வேலூர்,
4-3-1983

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதம் எழுதாததற்கு என்னைத் திட்டு. நல்ல செய்தியோடுதான் எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன். வீட்டில் எல்லாரும் சுகம், குதிக்கிற சுகம். ஏனென்றால் உத்தரவு வந்துவிட்டது.

அப்படியே நகல் எழுதுகிறேன்: "நாவலோடையின் இரு கரையும், வெள்ளக்கட்டு உள்ள மரங்களை எல்லையாகக் கொண்டு, ஓடைப் புறம்போக்கு எனப் பதிவு செய்யப்படுகிறது. தரிசு என்ற முந்தைய பதிவு ரத்து. திரு. தசரதன் மனு தள்ளுபடி. எல்லைக்குள் உழவு, மரவெட்டு, குத்தகை எதுவும் கூடாது."

இரு, இன்னும் முடியவில்லை. சப்-கலெக்டர் எழுதின அறிக்கையைப் படித்துவிட்டு, மேலேயிருந்து இன்னொரு உத்தரவும் வந்திருக்கிறது. இந்த மலையில் உள்ள மற்ற பதினோரு ஓடைகளையும் மழைக்காலத்தில் நேரில் பார்த்து, வெள்ளம் தொட்ட எல்லையைப் படத்தில் ஏற்ற வேண்டும். அதுவரை எந்த ஓடைக்கரையையும் யாருக்கும் கொடுக்கக்கூடாது. கீழூர் ஓடையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, அக்கா! வெட்டின கரையில் மறுபடி மருதும் புங்கும் வைக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள்.

குறிப்பாணையைக் கேட்டாய். பதவி ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதினோரு ஓடையையும் அளக்க ஆள் கேட்டபோது, "கட்டு, நார் எல்லாம் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் கீறான்" என்று அதே அதிகாரிதான் என் பெயரைச் சொன்னாராம். ஐப்பசியில் மலைக்கு வருகிறேன். காய்ச்சல் மாத்திரை எடுத்து வை, சர்க்கரையும் வாங்கி வை.

புதிய புலப்படத்தின் நகலைத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். நானே வரைந்தது. கட்டுப் போட்ட மரத்துக்கு எங்கள் குறியீட்டுப் பட்டியலில் அடையாளம் கிடையாது. சின்னதாக ஒரு வளையம் போட்டிருக்கிறேன், அதிகாரி ஒப்புக்கொண்டார்.

என்றும் உன் தம்பி,
இருதயசாமி

*

நாவலோடை,
13-3-1983

என் ராசா,

நீயும் உன் வீடும் ஆண்டவர் நிழலில் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு எந்த நோயும் இல்லை. இன்று யாராவது மூட்டுவலி என்று வந்தால் அவர்களுக்கும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

படம் வந்தது. சுகாதார நிலையத்துச் சுவரில் ஒட்டினேன். மணியக்காரர் கச்சேரியில் ஒட்டினால் யார் போய்ப் பார்ப்பது? அறுபது வீடும் வந்துவிட்டது. கீழூரிலிருந்தும் நாற்பது பேர் நடந்து வந்தார்கள். அங்கே வயிற்றுப்போக்கில் குழந்தைகளைப் பறிகொடுத்த பெரியம்மாள் என்பவளும் வந்தாள். தன் ஊர்ப் பக்கம் எது என்று காட்டச் சொல்லி, ஓடையின் இரண்டு கோட்டையும் விரலால் தொட்டுக்கொண்டே கீழே வரை வந்தாள். "இவ்ளோ அகலமா எங்க ஊருக்கு வர்ற ஓடை?" என்றாள். "அவ்ளோதான், இனிமே யாராலயும் குறைக்க முடியாது" என்றேன். அவள் அழுதாள், நானும் அழுதேன், மங்கம்மாள் மட்டும் அழாமல் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தாள். முந்நூற்றுப் பதினாறும் சரியாக இருக்கிறதாம். எண்ணி முடித்தபிறகு அவளும் அழுதாள்.

தீர்த்தகிரி கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார், இந்த வெயிலில். கோயில் திருப்பத்தில் ஒரு நாவல் மரத்தைக் காட்டி, "ஐப்பசியில அந்த மரத்துக்கு நாங்க கட்டமாட்டோம். உன் தம்பி வந்து கட்டட்டும்" என்றார். நீ அன்று சாய்ந்து உட்கார்ந்திருந்த மரமாம் அது.

பிறகு எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நர்சம்மா, கீழ இன்னாவோ எழுதியிருக்குதே, அதையும் படி."

நீ மாற்றிக் கொடுத்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். இந்தத் தடவை எனக்கு நன்றாகத் தெரிந்தது. கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன்: "அளந்தவர், வரைந்தவர்: ச. இருதயசாமி."

உன் அக்கா,
பிலோமினாள்